எங்கே அந்த ஏழு நாள்?

610 கோடி ரூபாய். 2025 டிசம்பர் 7 வரை இண்டிகோ நிறுவனம் பயணிகளுக்குத் திருப்பிக் கொடுத்ததாக விமானப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்த தொகை இது. அதற்கு முந்தைய நாள்தான் அமைச்சகத்தின் உத்தரவு போனது. ஞாயிறு இரவு 8 மணிக்குள் பாக்கியின்றிக் கொடுக்க வேண்டும், தவறினால் நடவடிக்கை பாயும் என்றது உத்தரவு. பணம் வந்தது.

அந்த வாரம் விமான நிலையங்கள் பட்ட பாட்டை நாடு பார்த்தது. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. விமானிகளின் பணிநேர விதி மாறப்போவது நிறுவனத்துக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அது தயாராகவில்லை. பெட்டியைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்தவர்கள் பயணிகள். அது தனிக் குற்றம், அதற்குத் தனிக் கணக்கு உண்டு. நாம் கேட்க வந்தது அந்த 610 கோடியைப் பற்றி.

சில நாள்களிலேயே கொடுக்க முடிந்திருக்கிறது. அதிலும் ஒரு நாள் ஞாயிறு, வங்கிகளுக்கு விடுமுறை. அப்படியானால் மற்ற நாள்களில் ஏன் முடியவில்லை? 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது', 'வங்கியில் கேளுங்கள்', 'முகவரிடம் கேளுங்கள்' என்று இத்தனை ஆண்டுகள் சொல்லிவந்த காரணங்களெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எங்கே போயின?

அவை காரணங்களே அல்ல. கொடுக்க மனமில்லை, கேட்க ஆளில்லை. விஷயம் அவ்வளவுதான்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. டிஜிசிஏ என்று எல்லோரும் அழைக்கும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் எழுதிய விதி இருக்கிறது. 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அதன் வாசகத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. கடன் அட்டையில் வாங்கிய டிக்கெட் ரத்தானால் ஏழு நாளில் பணம் திரும்ப வேண்டும். ரொக்கத்தில் வாங்கியிருந்தால் வாங்கிய அலுவலகத்திலேயே உடனே தர வேண்டும். முகவர் வழியாக வாங்கியிருந்தால் 30 வேலைநாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்றது 2016 வாசகம். பொறுப்பு விமான நிறுவனத்துடையது. பணத்தைத் திருப்பித் தருவதற்கென்று தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. ரத்துக் கட்டணம், அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு மேல் போகக் கூடாது.

ஏழு நாள். எழுதிவைத்திருப்பது ஏழு நாள். எழுதியவர்களைத்தான் கேட்கிறோம்: எங்கே அந்த ஏழு நாள்?

மலிவு டிக்கெட் வாங்கியவர்தான் இதில் அதிகம் அடிபடுகிறார். அவர் மாதக்கணக்கில் திட்டமிட்டு, தள்ளுபடி அறிவித்த அன்று நள்ளிரவில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாங்கியவர். தங்கை கல்யாணத்துக்கோ, தேர்வுக்கோ, தகப்பனாரின் அறுவைச் சிகிச்சைக்கோ போகிறவர். தேதி மாறுகிறது. ரத்து செய்கிறார். அவருக்குக் கிடைக்கும் பதில் ஒரே வரி: 'சலுகைக் கட்டணம், திரும்பக் கிடைக்காது.'

இந்த ஒரு வரிக்குள் ஒரு மோசடி ஒளிந்திருக்கிறது. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

மதுரையிலிருந்து சென்னைக்கு 2,900 ரூபாய்க்கு ஒருவர் டிக்கெட் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 2,900 முழுவதும் விமான நிறுவனத்தின் பணம் அன்று. அதில் விமான நிலையத்துக்குப் போக வேண்டிய பயனர் மேம்பாட்டுக் கட்டணம் இருக்கிறது. பாதுகாப்புக் கட்டணம் இருக்கிறது. அரசுக்குப் போக வேண்டிய வரி இருக்கிறது. இவற்றை நிறுவனம் வசூலித்துக் கொடுக்கிறது, அவ்வளவே. பயணி ஏறவில்லை என்றால் அவர் பெயரில் நிலையத்துக்குக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. அப்படியானால் அந்தப் பணம் யாருடையது?

விதி பதில் சொல்லிவிட்டது. பயணியுடையது. ரத்து செய்தாலும், ரத்தே செய்யாமல் வராமல் போனாலும், வரிகளையும் நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தந்தே ஆக வேண்டும். சலுகை டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். அடிப்படைக் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்ற நிபந்தனையில் விற்ற டிக்கெட்டுக்கும் பொருந்தும். இதை ஊகித்துச் சொல்லவில்லை. விதியில் அப்படியே இருக்கிறது.

எத்தனை பேருக்கு இது தெரியும்? டிக்கெட்டின் அடியில், எறும்பு வரிசை போன்ற எழுத்தில், எட்டாவது பத்தியில் இதைத் தேடிக் கண்டுபிடித்தவர் எத்தனை பேர்? தாமதமாகப் போய் விமானத்தைத் தவறவிட்டவர், போனது போனதுதான் என்று வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். தன் பணத்தில் ஒரு பகுதி இன்னும் தன்னுடையதுதான் என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. கேட்டால் படிவம் நிரப்பு என்கிறார்கள். கேட்காவிட்டால் வைத்துக்கொள்கிறார்கள். வாங்கும்போது மூன்று நிமிடத்தில் பணத்தை எடுத்துக்கொள்ளத் தெரிந்த கணினிக்கு, யார் ஏறினார், யார் ஏறவில்லை என்று கடைசி இருக்கைவரை தெரிந்த கணினிக்கு, இதை மட்டும் தானாகத் திருப்பி அனுப்பத் தெரியாதாம்.

ஒரு பயணிக்குச் சில நூறு ரூபாய்தான். அதனால்தான் யாரும் வழக்குப் போடுவதில்லை. அதனால்தான் இது தொடர்கிறது. ஆண்டு முழுக்க, எல்லா ஊர்களிலும், எல்லா நிறுவனங்களிலும் ஏறாமல் போன பயணிகளின் வரிப்பணம் எவ்வளவு, அதில் எவ்வளவு திரும்பியது? இந்தக் கணக்கை இயக்குநரகம் நாட்டின் முன் வைக்க வேண்டும்.

அடுத்தது, பணத்துக்குப் பதில் பயணக் கடன். வவுச்சர் என்பார்கள். கோவிட் காலத்தில் அதிகம் கேட்ட பெயர் கிரெடிட் ஷெல். ஷெல் என்றால் ஓடு. பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. ஓட்டைப் பயணியின் கையில் கொடுத்துவிட்டுப் பருப்பை நிறுவனம் வைத்துக்கொண்டது.

2020 மார்ச் 25 அன்று உள்நாட்டு விமானங்கள் நின்றன. மே 25 அன்றுதான் மீண்டும் பறந்தன. நிறுத்தியது அரசு. பறக்காதது நிறுவனம். பணம் போனது பயணிக்கு. ஏப்ரல் 16 அன்று அமைச்சகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. ஊரடங்குக் காலத்தில் பதிவு செய்தவர்களைப் பற்றித்தான் அது பேசியது. அதற்கு முன்பே பணம் கட்டிக் காத்திருந்தவர்களை அது நடுத்தெருவில் விட்டது. நிறுவனங்கள் அவர்கள் தலையில் கிரெடிட் ஷெல்லைக் கட்டின. வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

பணமா, கடனா என்று முடிவு செய்வது பயணியின் உரிமை. நிறுவனம் தானாகக் கடனாக மாற்றக் கூடாது. இதுவும் அதே விதியில்தான் இருந்தது. இருந்தும் பயனில்லை. மக்கள் உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2020 அக்டோபர் 1 அன்று நீதிபதிகள் அசோக் பூஷண், சுபாஷ் ரெட்டி, எம்.ஆர். ஷா அமர்வு தீர்ப்பளித்தது. ஊரடங்குக்குள் பதிவு செய்து ஊரடங்குக்குள் பயணம் செய்ய இருந்தவர்களுக்கு உடனே முழுப் பணம். மற்றவர்களுக்கு 15 நாளில் பணம். நிதி நெருக்கடியில் உள்ள நிறுவனம் 2021 மார்ச் 31 வரை கிரெடிட் ஷெல் தரலாம். அதற்கும் மாதம் அரை விழுக்காடும், பிறகு முக்கால் விழுக்காடும் மதிப்பைக் கூட்ட வேண்டும். அந்தத் தேதிக்குள் பயன்படுத்தாத தொகையைப் பணமாகவே திருப்பித் தர வேண்டும்.

தன் விதியைத் தானே காப்பாற்றத் தெரியாத ஓர் ஒழுங்காற்று அமைப்பு. அந்த விதியை நினைவூட்ட நாட்டின் தலைமை நீதிமன்றம். இதைவிட வெட்கம் வேறு என்ன வேண்டும்?

தீர்ப்போடு முடிந்ததா? இல்லை. பல இணையவழி முகவர்கள் கோவிட் காலப் பணத்தை முழுவதும் கொடுத்து முடித்தார்கள். யாத்ரா நிறுவனம் முடிக்கவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட வேண்டியதாயிற்று. 2021-இல் அந்த ஒரு நிறுவனத்தில் மட்டும் நிலுவையில் இருந்தவை 36,276 பதிவுகள். தொகை 26 கோடி ரூபாய்க்கு மேல். 2024 ஜூனில் விசாரணையின் முடிவிலும் 4,837 பதிவுகள் தீராமல் இருந்தன. இரண்டரைக் கோடி ரூபாய். மீதமிருந்த பயணிகளைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல, தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் ஐந்து பேரைத் தன் செலவில் உட்கார வைக்குமாறு யாத்ராவுக்கு ஆணையம் உத்தரவிட்டது.

நான்கு ஆண்டுகள். 30 வேலைநாளில் வர வேண்டிய பணத்துக்கு நான்கு ஆண்டுகள். அதையும் தொடர்ந்து கேட்டது நுகர்வோர் ஆணையம். விமானத் துறை எங்கே இருந்தது?

முகவர் என்ற சொல்லே இன்று கவசமாகிவிட்டது. நிறுவனத்தைக் கேட்டால் 'பணத்தை முகவர் கணக்குக்கு அனுப்பிவிட்டோம்' என்கிறது. முகவரைக் கேட்டால் 'நிறுவனத்திடமிருந்து வரவில்லை' என்கிறார். இருவருக்கும் நடுவில் பயணி பந்தாகிறார். 2025 டிசம்பரிலும் இதே கதைதான். முகவர்கள் வழியாக வாங்கியவர்களின் முழு விவரம் தன்னிடம் இல்லாமல் இருக்கலாம், மின்னஞ்சல் அனுப்புங்கள் என்று நிறுவனம் அறிவித்தது. பெயரும் தொலைபேசி எண்ணும் இல்லாமல் எந்த டிக்கெட்டும் வெளியாவதில்லை. சலுகை விளம்பரம் அனுப்பும்போது அந்த எண் கிடைக்கிறது. பணம் அனுப்பும்போது காணாமல் போகிறது.

2025 நவம்பரில் இயக்குநரகம் ஒரு வரைவை வெளியிட்டது. முகவர் நிறுவனத்தின் பிரதிநிதியே, ஆகவே பணம் திருப்பும் பொறுப்பு நிறுவனத்துடையதே என்று அதில் எழுதியிருந்தது. கிரெடிட் ஷெல் பயணியின் விருப்பம் மட்டுமே என்றும் எழுதியிருந்தது. புதிது போலச் செய்திகள் வந்தன. இதில் புதிது என்ன இருக்கிறது? 2016-இல் எழுதியதைத்தான் மீண்டும் எழுதியிருக்கிறார்கள். ஒன்பது ஆண்டுகள் நடைமுறைப்படுத்தாத ஒன்றை மறுபடி வரைவாக்குவது சீர்திருத்தம் அன்று, வாக்குமூலம்.

ஓட்டை இன்னொன்றும் இருக்கிறது. இந்தியாவுக்கு வந்துபோகும் வெளிநாட்டு நிறுவனங்கள் அவரவர் நாட்டு விதிப்படி பணம் திருப்பினால் போதும் என்று 2016 விதியே வழிவிட்டது. திருச்சி விமான நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் கொழும்புக்கும் கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்கள் நிற்கிறார்கள். அவர்களுள் பலர் ஏறுவது வெளிநாட்டு மலிவு விமானங்களில். டிக்கெட் ரத்தானால் எந்த நாட்டு விதிப்புத்தகத்தை அவர்கள் புரட்ட வேண்டும்? வாங்கியது இந்தியாவில், கொடுத்தது இந்திய ரூபாய், ஏறுவது இந்திய மண்ணிலிருந்து. விதி மட்டும் வெளிநாட்டுடையதா?

வெளிநாட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022 நவம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஆறு விமான நிறுவனங்களைப் பிடித்தது. 60 கோடி டாலருக்கு மேல் பயணிகளுக்குத் திருப்பிக் கொடுக்க வைத்தது. அந்த ஆறில் ஒன்று ஏர் இந்தியா. அதன் பங்கு 12 கோடியே 15 லட்சம் டாலர். அதோடு 14 லட்சம் டாலர் அபராதம். அந்தத் துறைக்கு வந்த புகார்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குப் பணம் கொடுக்க ஏர் இந்தியா 100 நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டதாக விசாரணை கூறியது. அந்தத் தவறு நடந்தபோது நிறுவனம் டாட்டாவிடம் போயிருக்கவில்லை. அது இந்திய அரசின் சொத்தாக இருந்தது.

இந்திய அரசின் விமான நிறுவனம். அதில் பதிவு செய்த பயணிகள். பணத்தை வாங்கிக் கொடுத்தது வாஷிங்டன். புது தில்லியில் விதிப்புத்தகம் அலமாரியில் இருந்தது.

ஐரோப்பாவில் 2004-ஆம் ஆண்டின் 261-ஆம் எண் விதி, ஏழு நாளில் பணம் என்கிறது. பயணி கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால்தான் வவுச்சர் கொடுக்கலாம். அமெரிக்காவில் 2024-இல் வந்த விதி, பயணி கேட்காமலேயே பணம் திரும்ப வேண்டும் என்கிறது. கடன் அட்டைக்கு ஏழு வேலைநாள். நம்மிடமும் ஏழு நாள் இருக்கிறது. எண் ஒன்றுதான். தவறினால் என்ன நடக்கும் என்பதில்தான் வேறுபாடு.

இனி, எல்லாவற்றிலும் கொடியது. நிறுவனமே கவிழும்போது பயணியின் பணம் என்ன ஆகிறது?

2012-இல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே 3 அன்று கோ ஃபர்ஸ்ட் நின்றது. மூன்று முறையும் முன்பணம் கட்டிய பயணிகள் தெருவில் நின்றார்கள். ஒரு முறை நடந்தால் விபத்து எனலாம். மூன்று முறை நடந்த பிறகும் ஏற்பாடு எதுவும் இல்லை என்றால் அதற்குப் பெயர் அலட்சியம்.

கோ ஃபர்ஸ்ட் கதையை மட்டும் பாருங்கள். திவால் மனுப் போட்ட அன்று அதன் விமானங்களில் ஏறத்தாழ பாதி, 25 விமானங்கள், இயந்திரம் இல்லாமல் தரையில் நின்றன. அது ஒரே இரவில் நடந்ததன்று. ஒவ்வொரு விமானமாக நின்றது. ஒவ்வொன்றும் இயக்குநரகத்தின் கண்முன் நின்றது. டிக்கெட் விற்பனை மட்டும் நிற்கவில்லை. கோடை விடுமுறைக்கான டிக்கெட்டுகளை மக்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். மே 3 அன்று விமானங்கள் நின்றன. டிக்கெட் விற்பனையை நிறுத்துமாறு இயக்குநரகம் உத்தரவிட்டது மே 8 அன்று. வீடு எரிந்து ஐந்து நாள் கழித்து, அடுப்பை அணைக்கச் சொன்னார்கள்.

2025 ஜனவரியில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அந்த நிறுவனத்தைக் கலைக்க ஆணையிட்டது. கலைக்கும்போது யாருக்கு முதலில் பணம்? திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவு வரிசை சொல்கிறது. நடைமுறைச் செலவு, தொழிலாளர் பாக்கி, அடமானம் வாங்கிய வங்கிகள், ஊழியர் சம்பளம், மற்ற கடன் கொடுத்தவர்கள், அரசு பாக்கி. இவர்களுக்கெல்லாம் பின்னால் 'மீதமுள்ள கடன்கள்' என்று ஒரு வரி. பயணி அங்கே நிற்கிறார். வங்கிகளுக்கு மட்டும் ஆறாயிரம் கோடிக்கு மேல் பாக்கி வைத்த நிறுவனத்தில் அந்த வரிசையின் கடைசிக்கு என்ன மிஞ்சும் என்பதைக் கணக்குத் தெரியாதவரும் சொல்லிவிடுவார்.

பயணி கடன் கொடுத்தவர் அல்லர். வட்டிக்கு ஆசைப்பட்டு முதலீடு செய்தவர் அல்லர். ஒரு பயணத்துக்கு முன்கூட்டியே விலை கொடுத்தவர். அந்தப் பயணம் நடக்கும்வரை பணம் அவருடையது. அதை எடுத்து அன்றாடச் செலவுக்கு எரிபொருள் வாங்கவும் குத்தகை கட்டவும் நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்தது யார்? தடுக்காமல் இருந்தது யார்?

பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இயக்குநரகம் முதலில். 2016 முதல் விதியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதுதான். மாதந்தோறும் பயணிகள் எண்ணிக்கையையும் புகார்களின் எண்ணிக்கையையும் அது வெளியிடுகிறது. புகார் வகைகளில் 'பணம் திரும்பப் பெறுதல்' என்று ஒரு வகையே இருக்கிறது. நோயின் பெயர் தெரியும், எத்தனை பேருக்கு என்றும் தெரியும். மருந்து மட்டும் கொடுக்கவில்லை.

அடுத்து அமைச்சகம். 2025 டிசம்பர் 6-ஆம் தேதி உத்தரவால் தன் பலத்தைத் தானே நிரூபித்துக்கொண்டது அது. அமைச்சர் ராம் மோகன் நாயுடு இனி 'நிறுவனங்களின் வணிக முடிவில் தலையிட முடியாது' என்ற பழைய பல்லவியைப் பாட முடியாது. தலையிட்டார். பணம் வந்தது. தொலைக்காட்சிக் கேமராக்கள் விமான நிலையத்தில் நின்றபோது முடிந்தது, கேமராக்கள் போன பிறகும் முடிய வேண்டும்.

எனவே கேட்கிறோம். பயணி விண்ணப்பிக்காமலேயே பணம் திரும்ப வேண்டும். ஏறாதவரின் வரியும் நிலையக் கட்டணமும் ஏழு நாளில் தானாக அவர் கணக்கில் விழ வேண்டும். எட்டாம் நாளிலிருந்து வட்டி ஓட வேண்டும். அந்த வட்டியைக் கேட்டு வாங்கும் சுமை பயணிக்கு இருக்கக் கூடாது. வவுச்சர் வேண்டும் என்று பயணி எழுத்தில் சொன்னால் மட்டும் வவுச்சர். ஒவ்வொரு நிறுவனமும் எவ்வளவு பணத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது, எத்தனை நாளாக வைத்திருக்கிறது என்பதை இயக்குநரகம் நிறுவனத்தின் பெயரோடு மாதந்தோறும் வெளியிட வேண்டும். இந்திய மண்ணிலிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும் இந்திய விதி. முன்பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். விமானம் பறந்த பிறகே நிறுவனம் அதைத் தொட வேண்டும். திவால் வரிசையில் பயணியைக் கடைசியிலிருந்து முன்னால் கொண்டுவர நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

கடைசி இரண்டைக் கேட்டதும் நிறுவனங்கள் கூக்குரலிடும். கட்டணம் ஏறிவிடும் என்று மிரட்டும். மிரட்டட்டும். பயணியின் பணத்தை வட்டியில்லாக் கடனாக வைத்துக்கொண்டு தருகிற மலிவு, மலிவு அன்று.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கடந்த ஈராண்டில் நீங்கள் ரத்து செய்த, அல்லது ஏறாமல் விட்ட டிக்கெட் ஏதேனும் மின்னஞ்சலில் இருக்கும். எடுத்துப் பாருங்கள். அடிப்படைக் கட்டணத்துக்குக் கீழே வரிகளும் நிலையக் கட்டணங்களும் தனித்தனி வரியில் இருக்கும். அவற்றைக் கூட்டி, திருப்பித் தரும்படி நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.